சாராயக் கம்பெனி சொன்ன புத்திமதி: ‘லூஸ் லிப்ஸ் சிங்க் ஷிப்ஸ்’

கேள்வி இதுதான்: ஆபீஸ் மீட்டிங் முடிந்து எழுந்திருக்கும்போது மேலாளர் ‘லூஸ் லிப்ஸ் சிங்க் ஷிப்ஸ்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாராம். இதற்கு என்ன அர்த்தம், வாய்க்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம், யார் முதலில் சொன்னது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அர்த்தத்தைச் சட்டென்று முடித்துவிடலாம். வாய்க்குக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் கப்பல்கள் மூழ்கும். அதாவது, இங்கே பேசியதை வெளியே போய் உளறாதீர்கள். நீங்கள் சாதாரணமாக நினைத்துச் சொல்லும் ஒரு தகவல் வேறு யாருக்கோ பெரிய சேதத்தைக் கொண்டுவரும். ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நுணல் தன் வாயால் தானே கெடுகிறது. நாவைக் காக்காதவர் சொல்லிழுக்குப் பட்டுத் தாமே வருந்துவார் என்கிறது குறள். இரண்டிலும் அடி விழுவது பேசியவர் முதுகில். இந்த ஆங்கில வாசகத்தில் பேசியவன் கரையில் பத்திரமாக உட்கார்ந்து பீர் குடித்துக்கொண்டிருக்கிறான். மூழ்குகிறவன் அவனை முன்பின் பார்த்தே இராத ஒரு மாலுமி. போர்க்காலத்தில் பிறந்த வாசகம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

பிறந்த ஆண்டு 1942, இடம் அமெரிக்கா. இதை அமெரிக்க அரசு உருவாக்கிய கோஷம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிரிட்டனுடையது என்று எழுதுகிறவர்களும் உண்டு. உண்மையில் இதைப் பிரபலமாக்கிய போஸ்டரை அச்சிட்டது சீகிராம் என்ற விஸ்கி கம்பெனி. ஆமாம், இந்தியாவில் மது விளம்பரத்துக்குத் தடை என்பதால் ‘மியூசிக் சிடி’ என்ற போர்வையில் டிவியில் வந்துகொண்டிருந்ததே, அதே சீகிராம்தான். வரைந்தவர் சீமோர் ஆர். காஃப். தன் பெயரின் முதலெழுத்துகளான எஸ், ஆர், ஜி மூன்றையும் உச்சரிப்பு வரும்படி சேர்த்து ‘எஸ்ஸார்ஜீ’ என்று கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். போஸ்டரில் ஒரு கப்பல் தீயும் புகையுமாக மூழ்கிக்கொண்டிருக்கும். அதோடு பெரிய எழுத்தில் ‘லூஸ் லிப்ஸ் மைட் சிங்க் ஷிப்ஸ்’. அடியில் பொடி எழுத்தில், தேசத்தின் வெற்றி முயற்சிக்கு சீகிராம் நிறுவனத்தின் பங்களிப்பு இது என்று ஒரு வரி.

நடுவில் இருக்கும் ‘மைட்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘மூழ்கக்கூடும்’ என்றுதான் போஸ்டர் சொன்னது. ஜனங்கள் வாய்க்கு வந்தபோது அந்தக் ‘கூடும்’ உதிர்ந்துபோனது. லிப்ஸ், சிங்க், ஷிப்ஸ் என்று எல்லாம் ஓரசைச் சொற்கள். இடையில் ஒரு சந்தேகம் வந்தால் தாளம் தப்புகிறது. நாக்கு என்று சொல்லாமல் உதடு என்று சொன்னதற்கும் அதுவே காரணமாக இருக்க வேண்டும். ஓட்டைவாயைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘லூஸ் டங்’ என்று முன்பே உண்டு. ஆனால் டங் என்ற சொல் ஷிப்ஸோடு எதுகை போடாதே.

1942 மே மாதமே இந்த வாசகம் செய்தித்தாளில் தலைகாட்டிவிட்டது. மேரிலாந்து மாநிலத்தில் ஃபிரெடரிக் என்ற ஊரின் நாளிதழ், உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நடந்த கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, வரவேற்பறை முழுக்க ஒட்டியிருந்த அட்டைகளில் இதுவும் ஒன்று என்று குறிப்பிடுகிறது. அதற்குப் பிறகு மதுக்கடை, ஹோட்டல், துறைமுகம் என்று எங்கு பார்த்தாலும் இதுதான். மதுக்கடைக்கென்று ஒரு சாராயக் கம்பெனி இந்தப் போஸ்டரை அடித்துக் கொடுத்ததில் சாமர்த்தியம் இருக்கிறது. உள்ளே சரக்கு போகப் போக வெளியே வார்த்தை வரும் இடம் அது. கப்பலேறப்போகும் பையன் கடைசியாக ஒரு ரவுண்டு போடும் இடமும் அதுதான். தவிர, அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கியது 1933-ல். ஒன்பதே வருடம் ஆகியிருந்தது. தங்களை நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் சாராய முதலாளிகளுக்கு நிறையவே இருந்தது. ‘பொறுப்பாகக் குடியுங்கள்’ என்று இன்றைய விளம்பரம் சொல்வதற்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை என்பேன்.

பிரிட்டன் இதில் முந்திக்கொண்டது என்பது சரிதான். ஆனால் அவர்களுடைய வாசகம் வேறு: ‘கேர்லெஸ் டாக் காஸ்ட்ஸ் லைவ்ஸ்’, கவனமில்லாத பேச்சு உயிர்களைப் பறிக்கும் என்பது. 1940 பிப்ரவரியில் தகவல் அமைச்சகம் வெளியிட்டது. படங்களை வரைந்தவர் சிரில் கென்னத் பேர்ட் என்ற கார்ட்டூனிஸ்ட். முதல் உலகப் போரில் கலிப்போலியில் பலத்த காயம் பட்டுத் திரும்பியவர். ‘ஃபூகாஸ்’ என்பது அவருடைய புனைபெயர். அது ஒரு வகைக் கண்ணிவெடி. வெடித்தாலும் வெடிக்கும், வெடிக்காமலும் போகும். ஒரு படத்தில் பஸ்ஸில் இரண்டு பெண்மணிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருகிறார்கள். பின் சீட்டில் ஹிட்லரும் அவருடைய தளபதி கோரிங்கும் சீருடையோடு, ஒன்றும் தெரியாத பயணிகள் மாதிரி. இன்னொன்றில் சுவரில் ஒட்டிய அலங்காரக் காகிதம் முழுக்கக் குட்டிக் குட்டி ஹிட்லர் முகங்கள், சுவருக்கும் காது உண்டு என்பதற்காக. கோடுகள் கொஞ்சம், வெள்ளை இடம் நிறைய, சுற்றிலும் ஒரு சிவப்புக் கரை, அவ்வளவுதான். அமெரிக்கப் போஸ்டர்கள் செத்துக்கொண்டிருக்கும் மாலுமியைக் காட்டி அழவைத்தபோது ஃபூகாஸ் சிரிக்கவைத்தார். எனக்கு ஃபூகாஸ்தான் பிடிக்கும். திட்டினால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வான், சிரித்தால் போஸ்டரைத் திரும்பிப் பார்ப்பான்.

திட்டிப் பார்த்தும் பிரிட்டிஷ்காரர்களுக்கு அனுபவம் உண்டு. 1940 ஜூலையில், பிரான்ஸ் விழுந்த சூட்டில், ‘மௌனப் படை’ என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். வதந்தி பேசுகிறவர்களை வகைப்படுத்திப் பெயர் வைத்து விளம்பரம் கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்த மிஸ்டர் ஒருவர், டீ குடிக்கும்போது காதோடு காதாகக் கிசுகிசுக்கும் ஒரு மிஸ், ஓட்டைவாய் மிஸ் இன்னொருவர், எதற்கெடுத்தாலும் சோகம் பாடும் மிஸ்டர் என்று ஒரு பட்டாளம். இவர்களைக் கண்டால் வாயை அடக்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் போலீஸுக்குச் சொல்லுங்கள் என்பது உத்தரவு. மனம் தளரும்படி பேசியதற்காகச் சாதாரண ஆட்கள் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டார்கள். ஹிட்லரை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஹிட்லர் செய்வதையே செய்கிறீர்களே என்று ஜனங்கள் கொதித்தார்கள். அதே மாதக் கடைசியில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது செல்லாக்காசாகிவிட்டது என்ற பொருளில் நாசூக்காகச் சொல்லி மூடிவிட்டார்.

இன்னொரு போஸ்டர் வேறு விதமாக வம்பில் மாட்டியது. ‘பி லைக் டாட், கீப் மம்’. மம் என்றால் அம்மாவும்தான், வாய்மூடி இருப்பதும்தான். அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டிரு என்றும் படிக்கலாம். அப்பா அம்மாவுக்குச் சோறு போட்டு வைத்துக்கொண்டிருப்பது போல என்றும் படிக்கலாம். வீட்டில் வேலை செய்வது அம்மா, ‘வைத்துக்கொள்வது’ அப்பாவா என்று எடித் சம்மர்ஸ்கில் என்ற பெண் எம்.பி. 1941-ல் ஆட்சேபம் கிளப்பினார். இந்த வகைப் போஸ்டர்களை வரிசையாகப் பார்த்தால் அவர் கோபம் புரியும். ஒன்று, பெண் வம்பளக்கிறாள். இல்லையென்றால், சிங்காரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்து ஆபீசர்களின் வாயைக் கிளறுகிறாள். உண்மையில் யார் உளறினார்கள் என்று பின்னால் சொல்கிறேன். அதில் ஒரு பெண்கூடக் கிடையாது.

சரி, கப்பலுக்கு வருவோம். கப்பல் என்று ஏன் வந்தது? விமானமோ பீரங்கியோ ஏன் இல்லை? 1942-ல் அமெரிக்கக் கடற்கரையில் கப்பல்கள் நிஜமாகவே வரிசையாக மூழ்கிக்கொண்டிருந்தன என்பதுதான் பதில். அந்த ஜனவரியில் ஜெர்மனி ஐந்தே ஐந்து நீர்மூழ்கிக் கப்பல்களை அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அனுப்பியது. ‘முரசொலி’ என்று பொருள்படும் பெயர் வைத்த நடவடிக்கை அது. அடுத்தடுத்து வேறு நீர்மூழ்கிகளும் வந்து சேர்ந்துகொண்டன. ஆகஸ்டுக்குள் அமெரிக்கக் கரையோரத்திலும் கரீபியன் கடலிலுமாக சுமார் 600 கப்பல்கள் போயின. ஜெர்மன் மாலுமிகள் அந்தக் காலத்தை ‘இரண்டாவது மகிழ்ச்சிக் காலம்’ என்று அழைத்தார்கள்.

அவர்களுக்கு அந்த மகிழ்ச்சியைக் கொடுத்தது எது? இங்கேதான் வாசகம் சொல்லும் கதையும் நடந்த கதையும் பிரிகின்றன.

1942 ஏப்ரல் 10 இரவு, ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில் கடற்கரை. வெள்ளிக்கிழமை. கேளிக்கைப் பூங்கா, ஹோட்டல்கள், கார்கள் என்று கரையெல்லாம் விளக்கு. அந்த வெளிச்சத்தின் முன்னால் கறுப்பு நிழலாகப் போகிறது கல்ஃப்அமெரிக்கா என்ற எண்ணெய்க் கப்பல். யு-123 நீர்மூழ்கியின் தலைவன் ரைன்ஹார்ட் ஹார்டெகன் கடல் பக்கமிருந்து டார்பிடோ விடுகிறான். கப்பல் பற்றி எரிய, கடற்கரையில் இருந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. மிச்சக் கதையைப் பீரங்கியால் முடிக்க நினைத்த ஹார்டெகன், குறி தவறினால் குண்டு வீடுகளில் விழுமே என்று கப்பலைச் சுற்றிக்கொண்டு கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் வந்து, கடலைப் பார்த்துச் சுட்டான். அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நிதானமாக. அதற்கு அப்புறம்தான் ஃபுளோரிடா ஆளுநர் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்லி உத்தரவிட்டார். அமெரிக்கா போரில் இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. விளக்கை அணைத்தால் சுற்றுலா வியாபாரம் படுத்துவிடும் என்று கரையோர ஊர்கள் அதுவரை முரண்டு பிடித்தன.

கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துப் போர்க்கப்பல் காவலோடு அனுப்பும் முறையைக் கிழக்குக் கரையில் ஒழுங்காகத் தொடங்க மே மாதம் ஆனது. பிரிட்டன் முந்தைய போரிலேயே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் அது. இது போதாதென்று, நேச நாட்டுக் கப்பல் கூட்டங்களுக்குச் செய்தி அனுப்பப் பயன்பட்ட மூன்றாம் எண் சங்கேதத்தை ஜெர்மன் கடற்படையின் ‘பி-டீன்ஸ்ட்’ பிரிவு உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. 1942-ன் தொடக்கத்திலிருந்து 1943 நடுப்பகுதி வரை, சில நாட்களில் கப்பல் கிளம்பும் முன்பே அது போகும் வழி பெர்லினுக்குத் தெரியும். மதுக்கடையில் ஒரு பையன் ‘நாளைக்குக் கிளம்புறோம்’ என்று சொன்னதை ஒட்டுக்கேட்டு, அதை எழுதி, கடத்தி, நடுக்கடலில் இருக்கும் நீர்மூழ்கிக்குச் சேர்ப்பதற்குள் கப்பல் பாதி அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கும்.

அதற்காக உளவாளி பயம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே, 1941 ஜூனில், ஃபிரிட்ஸ் டுகேன் என்பவன் தலைமையிலான ஜெர்மன் உளவுக் கும்பலை எஃப்பிஐ பிடித்தது. 33 பேருக்கும் தண்டனை கிடைத்தது. துறைமுகத்தில் கப்பல்கள் வருவதையும் போவதையும் குறித்து அனுப்புவது அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று. ஆனால் அவர்கள் நம்பித் தகவல் கொடுத்த வில்லியம் செபோல்ட் எஃப்பிஐயின் ஆள். நியூயார்க்கில் அவருக்கு ஓர் ஆபீஸ் போட்டுக் கொடுத்து, கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து, வந்து போன ஒவ்வொருவரையும் படமெடுத்தார்கள். பிரிட்டனில் நிலைமை இன்னும் வேடிக்கை. ஜெர்மனி அனுப்பிய உளவாளிகள் ஏறக்குறைய எல்லோருமே ஒன்று பிடிபட்டார்கள், அல்லது பிரிட்டனுக்காகவே வேலை பார்த்துப் பொய்த் தகவல் அனுப்பினார்கள். பஸ்ஸின் பின் சீட்டில் உண்மையில் ஹிட்லர் உட்கார்ந்திருக்கவில்லை. இதெல்லாம் போர் முடிந்து வெகு காலம் கழித்து வெளியான விஷயம். 1942-ல் போஸ்டர் ஒட்டியவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அப்போது யார்தான் உளறினார்கள்? மேலிடத்து ஆட்கள். மூன்று கதைகள் சொல்கிறேன்.

1943 ஜூனில் ஆண்ட்ரூ ஜாக்சன் மே என்ற கென்டக்கி எம்.பி., ராணுவ விவகாரக் குழுவின் தலைவர், பசிபிக் சுற்றுப்பயணம் முடிந்து வந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். நம் நீர்மூழ்கிகள் ஏன் தப்பிக்கின்றன தெரியுமா, ஜப்பான்காரன் போடும் வெடிகள் மேல்மட்டத்திலேயே வெடித்துவிடுகின்றன, நம் ஆட்கள் அதற்குக் கீழே போய்விடுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார். செய்தி அச்சானது. பசிபிக் நீர்மூழ்கிப் படைத் தலைவர் சார்ல்ஸ் லாக்வுட் கொதித்துப்போனார். ஜப்பான் இப்போது வெடிகளை ஆழமாக வைக்கிறது, மே அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று கிண்டலாக எழுதினார். அந்தப் பேச்சுக்கு விலை பத்து நீர்மூழ்கிகளும் 800 பேரும் என்பது அவர் போட்ட கணக்கு. அவ்வளவும் அந்த ஒரு பேச்சால்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் ‘வாயால் கப்பல் மூழ்கியது’ என்பதற்கு இதைவிடக் கச்சிதமான குற்றச்சாட்டு கிடைக்காது. அந்த மே பிற்பாடு வேறொரு லஞ்ச வழக்கில் ஜெயிலுக்குப் போனார்.

இரண்டாவது, பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டை. ஜப்பானியச் சங்கேதத்தை உடைத்துத்தான் அமெரிக்கா அதில் ஜெயித்தது. மிகப் பெரிய ரகசியம் அது. 1942 ஜூன் 7 அன்று சிகாகோ டிரிப்யூன், ஜப்பான் தாக்க வருவது கடற்படைக்கு முன்கூட்டியே தெரியும் என்று எழுதி, எதிரிக் கப்பல்களின் பட்டியலையும் போட்டுவிட்டது. ஸ்டான்லி ஜான்ஸ்டன் என்ற நிருபர் கப்பலில் வரும்போது ஒரு ரகசியச் செய்தியைப் பார்த்திருந்தார். அரசு வழக்குப் போட முயன்றது. ஆனால் வழக்கு நடத்தினால் ரகசியத்தைக் கோர்ட்டில் விளக்க வேண்டுமே, அதனால் கடற்படை பின்வாங்க, வழக்கு நின்றுபோனது. இத்தோடு விட்டிருக்கலாம். ஆகஸ்டு கடைசியில் எல்மர் ஹாலண்ட் என்ற எம்.பி. நாடாளுமன்றத்திலேயே எழுந்து, நம் கடற்படை ஜப்பானியச் சங்கேதத்தை உடைத்திருந்ததே, அதைப் போய் இந்தப் பத்திரிகை காட்டிக்கொடுத்துவிட்டதே என்று பொரிந்து தள்ளினார். ஓட்டைவாய்த்தனத்தைக் கண்டித்துப் பேசிய பேச்சு, பத்திரிகை சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிட்டது! இவ்வளவுக்கும் ஜப்பானியர் இதையெல்லாம் கவனித்ததற்கு அடையாளமே இல்லை.

மூன்றாவது, லண்டன். 1944 ஏப்ரல், கிளாரிட்ஜஸ் ஹோட்டலில் ஒரு விருந்து. அமெரிக்க விமானப்படையின் மேஜர் ஜெனரல் ஹென்றி மில்லர், அமெரிக்காவிலிருந்து தளவாடம் சரியாக வந்து சேருவதில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். பிரான்ஸ் கரையில் படையெடுப்பு நடந்துவிட்டால் சரியாகிவிடும், அது ஜூன் 15-க்குள் நடந்துவிடும் என்று வாய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மில்லரும் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவரும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் ஒரே வகுப்பு, 1915-ல் பாஸானவர்கள். பழைய பழக்கத்தைச் சொல்லி மில்லர் கெஞ்சியும் ஐசனோவர் மசியவில்லை. நட்சத்திரங்களைப் பிடுங்கி, லெப்டினன்ட் கர்னலாக இறக்கி, ஊருக்கு அனுப்பிவைத்தார். நார்மண்டி படையெடுப்பு நடந்தது ஜூன் 6. மில்லர் சொன்னது சரியாகத்தான் இருந்தது, பிரச்சினையே அதுதான்.

இதையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: போஸ்டர் ஒட்டியது கீழே, வாய் ஒழுகியது மேலே. கடைநிலைச் சிப்பாயிடம் ஒழுக என்ன இருந்தது? எங்கே போகிறோம் என்பதே கப்பலேறிய பிறகுதான் பலருக்குத் தெரியும்.

கீழே இருந்தவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது என்பதற்கும் உதாரணம் உண்டு. 1941 நவம்பர் 25 அன்று எகிப்துக் கரைக்கு அப்பால் எச்எம்எஸ் பார்ஹம் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் டார்பிடோ பட்டு வெடித்தது. 860-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பல் மூழ்கியது ஜெர்மனிக்கு உறுதியாகத் தெரியவில்லை என்பதால் கடற்படை அதை வெளியிடவில்லை. இறந்தவர் வீடுகளுக்கு மட்டும் கடிதம் போய், வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அறிவிப்பு வந்தது ஜனவரி கடைசியில். இரண்டு மாதம், மகனையும் புருஷனையும் பறிகொடுத்த வீடுகள் ஒப்பாரியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டன. இடையில் போர்ட்ஸ்மத்தில் ஹெலன் டங்கன் என்ற ஆவியழைப்புக்காரி, பார்ஹம் கப்பலின் மாலுமி ஆவியாக வந்தான் என்று சொன்னதாக ஒரு பேச்சு கிளம்பியது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். இத்தனை குடும்பங்களுக்குத் தெரிந்த சேதி கடற்படை ஊரில் அவர் காதில் விழுந்திருக்க ஆவியின் தயவு தேவையில்லை. 1944-ல் அவரைப் பிடித்து 1735-ம் வருடத்துச் சூனியச் சட்டத்தின் கீழ் ஒன்பது மாதம் உள்ளே போட்டார்கள். இந்தக் கூத்துக்கு ஏன் பணம் செலவழிக்கிறீர்கள் என்று சர்ச்சிலே கடுப்பானார்.

அப்படியானால் அந்தப் போஸ்டர்கள் வீண்தானா? முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அவை இன்னொரு வேலையையும் செய்தன என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து: வதந்தியை அடக்குவது. போர்க்காலத்தில் நாட்டுக்குள்ளே சுற்றும் கதைகள் அரசுகளுக்குப் பெரிய தலைவலி. 1942-ல் ராபர்ட் நாப் என்ற ஆய்வாளர் அமெரிக்காவெங்கும் சேகரித்த 1,089 வதந்திகளைப் பிரித்துப் பார்த்தார். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ ஒரு கூட்டத்தின் மேல் வெறுப்பைக் கிளப்பும் வகை: யூதர் ஏய்க்கிறார்கள், கறுப்பர் இப்படிச் செய்கிறார்கள், அரசு மறைக்கிறது, இந்த ரகம். கால் பங்கு பயம். நல்லது நடக்கப்போகிறது என்ற ஆசை வதந்தி வெறும் 2 சதவீதம். பாஸ்டன் ஹெரால்ட் பத்திரிகை ‘வதந்தி கிளினிக்’ என்று ஒரு பகுதியே நடத்தி, வாராவாரம் ஒரு புரளியை எடுத்து உடைத்தது. இன்றைய வாட்ஸப் ஃபார்வர்டு சரிபார்ப்புக்கு மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

கட்டுப்பாடு சில சமயம் சிரிப்பாகவும் போனது. எதிரி விமானிக்குப் பயன்படும் என்று வானிலைச் செய்திக்குக்கூடத் தடை. ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் பத்திரிகையில் தினமும் எழுதிய பத்தியில் போகிற போக்கில் மழை, வெயில் என்று ஏதோ சொல்லிவிட, அவருக்கே கண்டிப்பான கடிதம் வந்தது. அதையும் அவர் பத்தியில் எழுதிவிட்டார்.

துண்டு துண்டாகச் சேர்த்தால் ஆபத்து என்ற தர்க்கம் மட்டும் பொய்யில்லை. 1943-ல் ஸ்டீவன் டோகனோஸ் வரைந்த போஸ்டர் ஒன்று இதை அழகாகக் காட்டும். ஸ்வஸ்திகா மோதிரம் போட்ட ஒரு கை, கிழிந்த காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, ‘கப்பல் கூட்டம் இங்கிலாந்துக்கு இன்றிரவு கிளம்புகிறது’ என்ற வாக்கியத்தை முடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் தனியாக ஒன்றுமில்லை. இன்றைக்கு உங்கள் ஆபீஸில் நடப்பதும் இந்த வகைதான். லிஃப்டில் ஒரு கிளையன்ட் பெயர், லிங்க்ட்இன்னில் ஒரு புது வேலைத் தலைப்பு, இன்ஸ்டாகிராமில் ஒரு ஏர்போர்ட் போட்டோ. சேர்த்துப் படிக்கத் தெரிந்தவன் எந்தக் கம்பெனியை யார் வாங்கப்போகிறார் என்று சொல்லிவிடுவான். 2018 ஜனவரியில், ஸ்டிராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப் வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில், பாலைவன நடுவே பளிச்சென்று கோடுகள் தெரிவதை ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் கவனித்துச் சொன்னார். ராணுவ முகாமுக்குள் சிப்பாய்கள் கைக்கடிகாரத்தோடு ஓடிய தடம் அது. யாரும் வாயே திறக்கவில்லை.

மேலே இருக்கிறவர்கள் உளறுவதும் மாறவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் சிக்னல் என்ற மெசேஜ் ஆப்பில் தொடங்கிய குழுவில் தி அட்லாண்டிக் பத்திரிகையின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பெர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டார். பாதுகாப்பு அமைச்சர் யேமன் தாக்குதலின் நேர அட்டவணையை அதே குழுவில் போட்டார். இந்தப் பழைய வாசகத்தைத் தூசு தட்டி எடுக்க அன்று பலருக்கு வாய்ப்பு கிடைத்தது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடிய இரண்டு தொடர்களைச் சொல்லிவிடுகிறேன். ‘ஸ்பில் த பீன்ஸ்’, ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ இரண்டும் ரகசியத்தைப் போட்டு உடைப்பதுதான். ஆனால் அவற்றில் சேதம் கட்டாயமில்லை. பிறந்தநாள் சர்ப்ரைஸை முன்கூட்டியே சொல்லிவிட்டாலும் பீன்ஸ்தான். பழைய கிரேக்கர்கள் அவரை விதை போட்டு ஓட்டெடுத்தார்கள், பானை கவிழ்ந்தது என்று பீன்ஸுக்கு ஒரு கதை இணையமெங்கும் உலவுகிறது. நம்ப வேண்டாம், அந்தத் தொடர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழங்க ஆரம்பித்தது. நம் கப்பல் வாசகம் அப்படியில்லை. அது நடந்ததைச் சொல்லாது. நடப்பதற்கு முன் எச்சரிக்கும். ஏற்கெனவே யாரோ சொல்லித் தொலைத்துவிட்டபிறகு இதை எடுத்துவிட்டால் குத்திக்காட்டுவதாகத்தான் படும்.

இப்போது இதன் தொனி பாதிக்கு மேல் விளையாட்டு. எதுகைக்காகவே சொல்கிறவர்கள் உண்டு, ‘லூஸ் லிப்ஸ்...’ என்று பாதியில் நிறுத்திப் புருவத்தை உயர்த்துகிறவர்களும் உண்டு. எழுத்து மூலமான எச்சரிக்கையில், ஒப்பந்தத்தில், சட்டக் கடிதத்தில் இதைப் போட வேண்டாம், சினிமா வசனம் மாதிரி இருக்கும். மேலதிகாரி கீழே இருப்பவரிடம் சொல்லலாம், சகாக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம். நீங்கள் மேலாளரிடம் சொன்னால் உறவு எப்படி என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை அவர் சொன்னால், ‘மை லிப்ஸ் ஆர் சீல்டு’, வாயைத் திறக்க மாட்டேன் என்று பதில் சொல்லுங்கள், போதும்.